பக்கத்து வீட்டு வாழைக்கன்றும் கட்டற்ற இயங்குதளமும்

போன மே மாதம், பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி அவள் கையிலிருந்த துணிப்பையில் இருந்தது. மூடியின் ஓரம் உடைந்திருந்தது. 2 ஜிபி ராம். சுவிட்சைப் போட்டால் திரை முழுதாக வர எட்டு நிமிடம். "ஸார், கடையில காட்டினோம். இனி இதுல ஒண்ணும் ஓடாது, புதுசு வாங்கிக்கிடுங்கன்னு சொன்னாவ" என்றாள். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் புது லேப்டாப் பற்றி அந்த வீட்டில் பேசவே முடியாது.

அன்று சாயங்காலமே அந்தப் பெட்டியில் லுபுண்டு என்ற இயங்குதளத்தை நிறுவினோம். காசு எதுவும் செலவாகவில்லை. அடுத்த முறை சுவிட்ச் போட்டபோது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலில் திரை வந்தது. பிரவுசரில் பத்துப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் அது இன்றும் திணறும். 2 ஜிபிக்கு அதுதான் எல்லை. ஆனால் இரண்டு பக்கங்களைத் திறந்து வைத்துப் படிக்கலாம், கட்டுரை அடிக்கலாம், சி மொழியில் நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவள் இப்போது அதில்தான் வேலை செய்கிறாள். லேப்டாப் கெட்டுப்போகவில்லை, அதன் தலையில் ஏற்றியிருந்த சுமைதான் அதிகமாக இருந்திருக்கிறது.

நம் வீடுகளின் அலமாரிகளில் இப்படிப் பல பெட்டிகள் துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் மாணவர்களுக்காகவும், அவர்களின் அப்பா அம்மாவுக்காகவும், கட்டற்ற இயங்குதளம் என்றால் என்ன என்பதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

இயங்குதளம் என்ன செய்கிறது?

காலை எட்டு மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். மார்த்தாண்டம் வண்டி, கன்னியாகுமரி வண்டி, குலசேகரம் வண்டி என்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. நிற்க இடம் கொஞ்சம்தான். எது எங்கே நிற்க வேண்டும், எது எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு டைம் கீப்பர் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் ஒரு வண்டியும் நகராது. கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது இயங்குதளம். நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டே கட்டுரை அடிக்கும்போது, இரண்டு வேலைகளுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், செயலியின் (பிராசஸரின்) நேரத்தைப் பங்கு வைப்பதும், நீங்கள் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோவதும், கோப்பை டிஸ்க்கில் எழுதுவதும் அதுதான். விண்டோஸ், மேக்ஓஎஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இயங்குதளங்களே.

கன்று கொடுப்பது

இலவசம், கட்டற்றது என்று தமிழில் இரண்டு சொற்கள் இருப்பது நமக்கு நல்ல வசதி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் அங்கே இதை விளக்கவே ஒரு பத்தி செலவாகும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இலவசம் என்றால் விலை இல்லாதது. கட்டற்றது என்றால் கட்டிப்போடாதது.

கனகமூலம் சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்குகிறீர்கள். பழம் சாப்பிட்டால் தீர்ந்தது. இனிப்பாக இருந்ததென்று அடுத்த வாரம் மறுபடி வாங்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அக்கா தன் மட்டி வாழை மூட்டிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்துக் கொடுத்தால் கதை வேறு. அதை உங்கள் வீட்டுப் பின்புறத்தில் நடலாம். என்ன உரம் போட்டால் எப்படி வளர்கிறது என்று பார்க்கலாம். அது விடும் கன்றுகளை உங்கள் சித்தி வீட்டுக்கும், சித்தி தன் நாத்தனார் வீட்டுக்கும் கொடுக்கலாம். இதனால் அக்காவின் மூட்டுக்கு ஒரு குறையும் வராது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மென்பொருளில் அந்தக் கன்றுக்குப் பெயர் மூலநிரல். மனிதர்கள் எழுதிய, மனிதர்கள் படிக்கக்கூடிய வடிவம் அது. அதைக் கணினிக்குப் புரியும் வடிவமாக மாற்றிய பிறகு கிடைப்பதுதான் நாம் கிளிக் செய்து ஓட்டும் நிரல். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் நமக்கு ஓட்டும் வடிவம் மட்டும் கிடைக்கும், மூலநிரல் நிறுவனத்திடமே இருக்கும். கட்டற்ற மென்பொருளில் இரண்டும் நம் கைக்கு வரும்.

இந்த எண்ணத்தை ஒரு கொள்கையாக வகுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தைப் போன்ற ஒரு முழு இயங்குதளத்தைக் கட்டற்ற முறையில் உருவாக்கப்போவதாக 1983 செப்டம்பரில் அவர் அறிவித்தார். அந்தத் திட்டத்தின் பெயர் குனு. எது கட்டற்ற மென்பொருள் என்பதற்கு நான்கு சுதந்திரங்களைச் சொல்வார்கள். சி மொழியில் வரிசையை எண்ணுவது போலவே இந்த எண்ணிக்கையும் பூஜ்யத்தில் தொடங்கும். எந்த வேலைக்கும் பயன்படுத்தும் சுதந்திரம் பூஜ்யம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்து மாற்றும் சுதந்திரம் ஒன்று. அடுத்தவருக்குப் படியெடுத்துக் கொடுப்பது இரண்டு. நாம் மாற்றியதையும் ஊருக்குக் கொடுப்பது மூன்று. வாழைக்கன்று வைத்திருக்கும் யாருக்கும் இதில் எதுவும் புதிதாக இருக்காது.

லினக்ஸ் எங்கே வருகிறது?

வாழையில் நாம் தண்டு என்று நினைப்பது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையடிகள். மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். இயங்குதளத்திலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒன்று இருக்கிறது. தமிழில் அதைக் கருனி என்கிறோம். செயலி, நினைவகம், டிஸ்க் ஆகியவற்றோடு நேரடியாகப் பேசுவது அதுதான். குனு திட்டத்தில் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தயாரான பிறகும் கருனி மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

1991 ஆகஸ்டில், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அவருக்கு அப்போது 21 வயது. நம்மூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் பையனின் வயது. அடுத்த ஆண்டே, அந்த நான்கு சுதந்திரங்களையும் எழுத்தில் தரும் குனுவின் பொது உரிமத்தின் கீழ் அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அந்தக் கருனிதான் லினக்ஸ். குனுவின் கருவிகளும் லினக்ஸ் கருனியும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவானது. அதனால்தான் பலர் அதைக் குனு/லினக்ஸ் என்று சேர்த்துச் சொல்கிறார்கள்.

இதுவரை லினக்ஸைத் தொட்டதே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கருனி. உலகின் வேகமான 500 சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நீங்கள் திறக்கும் இணையதளங்களில் பெரும்பான்மையானவை லினக்ஸ் சர்வர்களிலிருந்தே வருகின்றன.

அப்புறம் உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா என்று இத்தனை பெயர்கள் எதற்கு? அதற்கும் வாழைதான் பதில். மட்டி, ஏத்தன், செந்துளுவன், பேயன், ரசகதலி எல்லாம் வாழைதான். ஆனால் குழந்தைக்குக் குறுக்கிக் கொடுப்பது ஒன்று, சிப்ஸ் வறுப்பது ஒன்று. லினக்ஸ் ரகங்களை வழங்கல்கள் என்பார்கள். 1993-இல் தொடங்கிய டெபியன் தாய்மரம் மாதிரி. அதன் கன்றுதான் 2004-இல் வந்த உபுண்டு. உபுண்டுவின் கன்று லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் எளிதாக வசப்படும், 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாக ஓடும். அதற்கும் குறைந்த பழைய பெட்டிக்கு லுபுண்டு. புதிதாக வரும் மாணவரிடம் இந்த இரண்டைத் தவிர வேறு பெயரை நான் சொல்வதில்லை. எந்த ரகம் நல்லது என்ற விவாதத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு எதையும் நிறுவாமலே போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ஆட்சிக்குள் இருந்த ஊர்கள். இன்றைக்கும் கல்யாணம், ஆஸ்பத்திரி, வேலை என்று தினமும் போய் வருகிறோம். அங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை லினக்ஸில்தான் கணினி பழகுகிறது. கேரளக் கல்வித் துறையின் கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கலைத் தயாரித்துக் கொடுக்கிறது. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டதும், அதற்கு ஸ்டால்மன் வந்ததும் திருவனந்தபுரத்தில்தான். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் தூரம்.

நம் பக்கமும் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசு கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய வழங்கல் அது. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடப்புத்தகத்தில் உபுண்டுவைப் பற்றிப் பாடமே இருக்கிறது. ஓபன் ஆபீஸ் ரைட்டர் பாடமும் இருக்கிறது. ஆனால் பாஸை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காமல் கடையில் கொடுத்து அழித்துவிட்ட பிள்ளைகள் பலர் என்னிடமே படித்திருக்கிறார்கள். உபுண்டு பாடத்தைப் புத்தகத்தில் படித்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்து, அதன் திரையைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போகிறார்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொண்ட மாதிரிதான். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது. கருவியும் கையில், பாடமும் கையில். நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் குறைகிறது.

மாணவருக்கு இது ஏன் வேண்டும்?

பணம் மிச்சம் என்பது உண்மை. பழைய பெட்டி பிழைக்கும் என்பதும் உண்மை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல லேப்டாப்புகள் வழியில்லாமல் நிற்கின்றன. காசு கொடுக்காமல் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸ், பூட்டை உடைக்கும் நிரலோடுதான் வரும். அந்த நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று போட்டுத்தருபவருக்கே தெரியாது. படிக்கிற பிள்ளை தன் முதல் கணினியைத் திருட்டுப் பிரதியோடு தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் இதெல்லாம் எனக்கு இரண்டாவதுதான். சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிள்ளைக்குச் சைக்கிள் தெரியும். சவாரி மட்டும் செய்த பிள்ளைக்குச் சவாரிதான் தெரியும். கழற்றிப் பார்க்க அனுமதி உள்ள ஒரு கணினியாவது ஒவ்வொரு மாணவரிடமும் இருக்க வேண்டும். லினக்ஸில் அந்த அனுமதி உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் சன்னலான டெர்மினலைத் திறந்து செயலியின் விவரத்தை ஒரு கோப்பைப் படிப்பதுபோல் படிக்கலாம். இந்த நிமிடம் எத்தனை நிரல்கள் ஓடுகின்றன, எது எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று பார்க்கலாம். சி, பைத்தான் பழக வேண்டிய கருவிகள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். இல்லையென்றால் ஒரே கட்டளையில் வந்துவிடும். ஏதாவது தப்பாகச் செய்து எல்லாம் போய்விட்டதா? பென் டிரைவைச் செருகி அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். யாரும் திட்டப்போவதில்லை. என் மாணவர்களில் நன்றாக வந்தவர்கள் எல்லாருமே குறைந்தது மூன்று தடவையாவது இப்படிக் கெடுத்தவர்கள்தான்.

கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு மட்டும்தானே இதெல்லாம் என்று தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். இல்லை மக்கா என்றேன். கட்டுரை அடிக்க உதவும் கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸின் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தமிழ் தானாக வரவில்லை, தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தது. சில இடங்களில் சொல் முரடாக இருக்கும், சில இடங்களில் தப்பாகவே இருக்கும். வெப்லேட் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி அதைத் திருத்த நீங்களே பரிந்துரைக்கலாம். நல்ல தமிழ் தெரிந்த ஒருவர் பரிந்துரைத்து ஏற்கப்படும் ஒரு சொல், உலகில் தமிழில் அந்த மென்பொருளைத் திறக்கும் எல்லார் திரையிலும் வரும். தமிழ் படித்தவர்களுக்கு இப்படியொரு வாசல் திறந்திருப்பது பலருக்குத் தெரியவே இல்லை.

சரி, குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கு வேலைக்குப் போக டேலி படிப்பவர் விண்டோஸை அழித்துவிடக் கூடாது. பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொண்டு, சுவிட்ச் போடும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். சில ஆன்லைன் தேர்வுகளின் கண்காணிப்பு நிரல்கள் விண்டோஸைத்தான் கேட்கும். சில கேம்கள் ஓடாது. சில பழைய பிரிண்டர்களும் வைஃபை சில்லுகளும் முரண்டு பிடிக்கும். இது தெரியாமல் நிறுவிவிட்டு ஏமாந்த பிள்ளை லினக்ஸ் பக்கமே திரும்பாது. அதனால்தான் நிறுவுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள் என்கிறேன்.

பென் டிரைவில் சோதித்துப் பார்ப்பது

லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டுவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். அது சுமார் 3 ஜிபி வரும், அதை இறக்கினால் போன் டேட்டா ஒரே நாளில் தீர்ந்துபோகும். பேச்சிப்பாறை பக்கம் சிக்னல் கிடைக்காத வீடுகளில் அதற்கும் வழியிருக்காது. கவலை வேண்டாம், நண்பரிடமிருந்து படியெடுத்துக்கொள்ளலாம். இதைப் படியெடுப்பது முழுக்கச் சட்டப்படியானது.

அந்தக் கோப்பைச் சும்மா பென் டிரைவில் ஒட்டினால் வேலை செய்யாது. பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற நிரலைக் கொண்டு எழுத வேண்டும். பிறகு லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, சுவிட்ச் போட்டவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். எந்த விசை என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அப்படியே திரைக்கு வரும். உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது.

அந்த நிலையில் வைஃபை, சத்தம், கேமரா, பிரிண்டர் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். வைஃபை கிடைக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும், அதன் வழியாகவே வைஃபையை இயக்கும் நிரலான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், டிஸ்க்கில் நிறுவினால் வேகம் கூடும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றை மாட்ட முடிந்தால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

எல்லாம் திருப்தியாக இருந்தால் நிறுவுங்கள். அதற்கு முன் போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். குடும்பப் படங்களை அழித்துவிட்டு அழுத வீட்டை நான் பார்த்திருக்கிறேன். புதிய லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நம்மூருக்கென்றே ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப்புகளில் பேட்டரி செத்திருக்கும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நிறுவும்போது பாதியில் கரண்ட் போனால் டிஸ்க் குழம்பிவிடும். மழை இல்லாத நாளாகப் பாருங்கள், அல்லது இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் போய் உட்காருங்கள்.

நிறுவி முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை தமிழ் விசைப்பலகையைச் சேர்ப்பது. ஐபஸ் என்ற கருவியின் வழியாக தமிழ்99 முறையும், ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகள் தமிழ்99-ஐயே பழகுங்கள். ஒரு வாரம் விரல் தடுமாறும், அதன் பிறகு ஓடும்.

தடுமாறினால் கேட்க இடம் உண்டு. உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் உதவி மன்றங்கள் இருக்கின்றன. கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறது. கேட்கும்போது "ஓடலை" என்று மட்டும் எழுதாதீர்கள். லேப்டாப்பின் மாடல், நிறுவிய வழங்கலின் பெயரும் பதிப்பும், திரையில் வந்த பிழைச் செய்தி, அதற்கு முன் நீங்கள் செய்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பாதிப் பதில் அதை எழுதும்போதே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் அந்தப் பென் டிரைவை அழித்துவிடாதீர்கள். என்ன வழங்கல், எந்தப் பதிப்பு என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதி அதன்மேல் ஒட்டி, மேசை டிராயரில் போட்டு வையுங்கள். அடுத்த வாரம் உங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.